மையத்துப் படம்

அந்தப் படத்தை நான் முன்னாலிருந்து பார்த்தது ஒரேயொரு தடவைதான். மற்ற மூன்று தடவையும் திரைக்குப் பின்னால், ஈர மணலில் நின்றுகொண்டு பார்த்தேன். பின்னாலிருந்து பார்த்தால் எல்லாம் இடம்வலம் மாறியிருக்கும். வலக்கையால் சாப்பிடுகிறவன் இடக்கையால் சாப்பிடுவான். எழுத்தெல்லாம் தலைகால் புரியாது. அந்த எழுத்தால்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

அப்போது எனக்கு இருபத்துநாலு வயது. கல்முனையில் நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். வயல்காரர்கள் தமிழில் சொல்லும் குறைகளை இங்கிலீசில் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவதும், மேலிடம் இங்கிலீசில் எழுதும் பதிலைத் தமிழில் சொல்லிச் சமாளிப்பதும் என் வேலை. உம்மாவும் வாப்பாவும் மௌத்தாகி மண்ணுக்குப் போயிருந்தார்கள். கூடப்பிறந்த ராத்தா வீட்டில் சாப்பாடு. ஒரு சைக்கிள் இருந்தது. வேறு சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

கடைத்தெருவிலிருந்து கடலுக்குப் போகும் வழியில், தகரக் கூரையும் தென்னோலைக் கிடுகுச் சுவருமாக ஒரு படக் கொட்டகை இருந்தது. அதன் முதலாளி முந்தி லொறி ஓட்டினவர். சனிக்கிழமை மதியம் மட்டும் பெண்களுக்கென்று ஒரு காட்சி வைப்பார். லுஹர் தொழுகை முடிந்ததும் தொடங்கும். அசர் பாங்குக்கு முன்னால் முடிந்துவிடும். கிடுகின் ஓட்டைகளைக் கறுப்புத் துணியால் மூடுவார்கள். அந்த நேரத்தில் ஓர் ஆண்பிள்ளையும் உள்ளே போக முடியாது. படப்பெட்டியை ஓட்டுகிறவர்கூடத் தனிக் கூண்டுக்குள் இருப்பார். முஸ்லிம் பெண்கள், தமிழ்ப் பெண்கள், மிசன் பள்ளிக்கூடத்து டீச்சர்மார் எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு வந்து நிறைவார்கள்.

அந்த வருடம் மாரி கடுமையாக இருந்தது. பாலம் ஒன்று உடைந்து, கொழும்பிலிருந்து வரவேண்டிய தமிழ்ப் படம் வழியில் நின்றுபோனது. மேற்கே அணை கட்ட வந்திருந்த வெள்ளைக்காரர்கள் பார்த்து முடித்த இங்கிலீசுப் படம் ஒன்று முதலாளிக்குக் கிடைத்தது. அடுத்த நாளே நனைந்த குடையோடு என் கந்தோருக்கு வந்தார்.

“தம்பி, ஒரு உதவி செய்யணும். இங்கிலீசுப் படம் ஒண்டு வந்திருக்கு. கதை ஒண்டும் விளங்கல்ல. மையத்தெல்லாம் கபுறுல இருந்து எழும்பி நடக்குது.”

“பேய்ப் படமா?”

“பேயெண்டா பயம் வரணுமே. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. அதுதான் பயமாயிருக்கு.”

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின் எனக்கு மட்டும் அதைப் போட்டுக் காட்டினார். வெளிநாட்டுச் சிற்றூர் ஒன்று. மருந்துக் கடைக்காரர் ஒருவர் தான் காய்ச்சிய மருந்து பிழையாகிப்போனதென்று அதை மையவாடிப் பக்கம் கொண்டுபோய் ஊற்றிவிடுகிறார். இரவு மழை பெய்கிறது. காலையில் கல்லறைகளைத் தள்ளிக்கொண்டு மையத்துகள் எழும்புகின்றன. கையை நீட்டிக்கொண்டு, முழங்கால் மடியாமல், விறைத்து விறைத்து நடக்கின்றன. ஆனால் ஒருவரையும் ஒன்றும் செய்யவில்லை. செத்த நாவிதர் நேரே தன் கடைக்குப் போய்க் கத்தியைத் தீட்டுகிறார். செத்த தபால்காரர் வீடு வீடாகப் பழைய காகிதம் கொடுக்கிறார். இளந்தாரி ஒருவன் மட்டும் பாண் பேக்கரிக்காரரின் மகளைத் தேடிப் போகிறான். உயிரோடு இருக்கையில் அவளிடம் ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டே காய்ச்சலில் மௌத்தாகிப் போனவன். இப்போது வெட்கம் போய்விட்டது. ஆனால் கதைக்க வராது. ‘ம்ம்’ என்று முனகத்தான் முடிகிறது.

படத்தின் இங்கிலீசு நான் கந்தோரில் எழுதும் இங்கிலீசு அல்ல. மூக்கால் கதைத்தார்கள். பாதிதான் விளங்கியது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

“எல்லாம் விளங்கிச்சு,” என்றேன்.

“அப்ப சனிக்கிழமை பொண்டுகளுக்கு நீதான் கதை சொல்லணும். திரைக்குப் பின்னால நில்லு. உன்ன ஒருத்தரும் காணமாட்டாங்க.”

அன்று பின்னேரமே பள்ளிவாசல் காரியம் பார்க்கும் மரைக்கார் என்னை வழியில் மறித்தார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவரல்ல.

“மௌத்தானவங்க எழும்புறது கியாமத்து நாளிலதான். அதுக்கு முதல் எழும்பினாங்க எண்டு நம்மட பொண்டுகளுக்கு நீ சொல்லப்படாது, சொல்லிட்டன்.”

“சொல்லமாட்டன், மாமா.” சொந்தமில்லை, ஆனாலும் ஊரில் எல்லாரும் அவருக்கு மாமா என்றுதான் சொல்வோம்.

இரவு பாயில் கிடந்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அவர்கள் மையத்துகளே அல்ல. ஒரு விதக் காய்ச்சலில் மயங்கிக் கிடந்தவர்களை ஊரார் தவறாகப் புதைத்துவிட்டார்கள். மருந்து பட்டு மயக்கம் தெளிகிறது. மரைக்காரும் கோபிக்கமாட்டார், கதையும் ஓடும்.

சனிக்கிழமை, கையில் தகரப் புனலோடு திரைக்குப் பின்னால் நின்றேன். பக்கத்தில் ஒலிபெருக்கி அலறியது. முன்னால் பெண்களின் இரைச்சல், பிள்ளைகளின் அழுகை, வறுத்த கச்சான் கடலை வாசம். படம் தொடங்கியது. நான் புனலை வாயில் வைத்தேன்.

“இந்த ஊரில ஒரு மயக்கக் காய்ச்சல் வந்தது. பாவம், உயிரோட இருந்தவங்களையே அடக்கிப் போட்டாங்க...”

மயங்கிய இளந்தாரி மண்ணைத் தள்ளிக்கொண்டு எழும்பினான். பெண்கள் ‘அல்லாவே!’ என்று கூவினார்கள். நான் மேலே சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் முன்வரிசை வாங்குகள் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது. சத்தமாக இல்லை. ஆனால் மிகத் தெளிவாக இருந்தது.

“மயக்கமுமில்ல, ஒண்டுமில்ல. அவர் மௌத்தாகி மூணு வருசம். கல்லில எழுதியிருக்கு.”

திரையில் கல்லறை பெரிதாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை நான் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தேன், இப்போது எனக்கு எழுத்தெல்லாம் திரும்பியிருந்தது. நான் தலையைச் சரித்து வாசிக்கப் பார்ப்பதற்குள் அந்தக் காட்சி போய்விட்டது. கொட்டகை முழுக்கச் சிரிப்பு.

“பின்னால நிக்கிற ஆள் பொய் சொல்றார் புள்ள!” என்று யாரோ கூவினார்கள்.

விட்டுவிட்டு ஓடலாம் என்றிருந்தது. ஆனால் படம் ஓடிக்கொண்டிருந்தது. பேக்கரிப் பெண் முதலில் பயந்து ஓடினாள், பிறகு அவனுக்குச் சூப்புக் கொடுத்தாள், குளிர்ந்த கையைப் பிடித்து அடுப்பருகே சூடாக்கினாள். ஒரு கட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

“நீ வீட்டுக்குப் போ, எங்கட வாப்பா வரப்போறார் எண்டு சொல்றா.”

“அப்படிச் சொல்லல்ல.” அதே குரல். “நீங்க கதைக்காட்டியும் எனக்கு விளங்குது எண்டு சொல்றா.”

இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை. நான் புனலை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்து, “அப்ப மிச்சத்தை நீங்களே சொல்லுங்களன்,” என்றேன். புனல் இல்லாமல் சொன்னது எல்லாருக்கும் கேட்டிருக்கிறது. குசுகுசுவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு வயதான பெண் கட்டளை போட்டார்.

“நீ சொல்லு மனே. பிழைச்சா அவ திருத்தட்டும்.”

அப்படியே நடந்தது. நான் சொல்ல, அவள் திருத்தினாள். செத்த நாவிதர் இளந்தாரிக்கு மாப்பிள்ளைச் சவரம் செய்யும் இடத்தில் நான் சொன்ன பகிடிக்கு அவளும் சிரித்தாள். சிரிப்பையும் அதற்குள் அடையாளம் கண்டுகொண்டேன். கடைசியில் பேக்கரிப் பெண் அவன் நெஞ்சில் காதை வைக்கிறாள், இதயம் அடிக்கத் தொடங்குகிறது, கல்யாணம். மணமகளும் மணமகனும் கை கோத்து வந்தபோது, முன் வாங்கிலிருந்து முதல் குரவை எழும்பியது. அடுத்து கொட்டகை முழுவதும் குரவை. தமிழ்ப் பெண்கள், சோனகப் பெண்கள், டீச்சர்மார், எல்லாரும். தகரக் கூரை அதிர்ந்தது. வெள்ளைக்காரன் ஊர்க் கல்யாணத்துக்கு நம்முடைய குரவை.

வீட்டுக்குப் போனபோது ராத்தா எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தா.

“மயக்கக் காய்ச்சலாம்! எங்க படிச்சாய் இந்த வைத்தியத்தை?”

“அதை விடு ராத்தா. திருத்தினது ஆரு?”

ராத்தா சிரிப்பை நிறுத்தி என்னை ஒருமாதிரிப் பார்த்தா. “சம்மாந்துறைப் புள்ள. வாப்பா பெரிய வயல்காரர். இஞ்ச உம்மாட தங்கச்சி, சாச்சி வீட்டில நிண்டு மிசன் பள்ளிக்கூடத்தில படிச்சு முடிச்சவ. சாச்சிதான் கூட்டி வந்தவ. வாப்பாவுக்குத் தெரியா.” பிறகு, “என்னத்துக்குக் கேக்கிறாய்?” என்றா.

“சும்மா.”

“சும்மா கேக்கிற மூஞ்சா இது?”

அடுத்த சனிக்கிழமை கொட்டகை கொள்ளவில்லை. கரைவாகுப் பக்கத்திலிருந்து மாட்டுவண்டிகளிலும், ஆலையடிவேம்பிலிருந்து பஸ்ஸிலும் பெண்கள் வந்திருந்தார்கள். நான் வெள்ளைச் சட்டை போட்டு, எண்ணெய் வைத்துத் தலை வாரிப் போயிருந்தேன். ஒருவரும் காணாத இடத்தில் நிற்கப்போகிற ஒருவனுக்கு அது எதற்கு என்று இப்போதும் எனக்கு விடை தெரியாது.

அன்றைக்கு நான் வேண்டுமென்றே பிழை விட்டேன். தபால்காரரை நாவிதர் என்றேன். அவள் திருத்தினாள். சூப்பைக் கஞ்சி என்றேன். திருத்தினாள். பேக்கரிக்காரரை மருந்துக் கடைக்காரர் என்றேன். “இவர் வேணுமெண்டுதான் பிழையாச் சொல்றார்,” என்று அவள் சாச்சியிடம் சொல்வது கேட்டது.

அதன்பின் அவள் வாயே திறக்கவில்லை. நான் என்ன பிழை விட்டாலும் திருத்தவில்லை. நாக்குத் தடுமாறியது. எழும்பின மையத்தைவிட மோசமாக நான்தான் முனகிக்கொண்டு நின்றேன். பேக்கரிப் பெண் அவன் முகத்தைப் பார்க்கும் இடம் வந்தது. நான் பகிடி ஒன்றும் விடாமல், புனலையும் எடுக்காமல், “நீங்க கதைக்காட்டியும் எனக்கு விளங்குது எண்டு சொல்றா,” என்றேன். திருத்தம் வரவில்லை. “ஓம், சரி,” என்று மட்டும் வந்தது.

அந்த இரண்டு சொல்லோடு நாலு நாள் சந்தோசமாக இருந்தேன். புதன்கிழமை கந்தோருக்கு ஒருவர் வந்தார். உயரமான ஆள், தோளில் சால்வை, செருப்பில் வயல் சேறு. வாய்க்காலில் தண்ணீர் குறைவு என்று சொன்னார். எழுதிக்கொண்டேன். பெயரும் ஊரும் எழுதும்போதே விளங்கிவிட்டது, ராத்தா சொன்ன சம்மாந்துறை வயல்காரர், அவளுடைய வாப்பா. அவர் போகாமல் நின்றார்.

“தம்பிதானா பொண்டுகளுக்குப் படக்கதை சொல்றது? என்ட வீட்டில ரெண்டு நாளாச் சண்டை. கல்முனைக்குப் போய் வந்த பொண்டுகளுக்குள்ள ஒருத்தி சொல்றா, அவன் மையத்து எண்டு. மத்தவ சொல்றா, மயக்கம் எண்டு. நீ சொல்லு. எது சரி?”

மரைக்காருக்குச் சொன்ன வாக்கு நினைவுக்கு வந்தது. இவருக்கு முன்னால் பொய் சொல்லக் கூடாது என்றும் பட்டது. நல்ல மனிதனாக இருக்கப் பார்த்தேன்.

“மையத்துத்தான். நான்தான் பொய் சொன்னன். உங்கட மகள் சொன்னதுதான் சரி.”

அவர் சால்வையைச் சரிசெய்தார்.

“என்ட மகளா?” என்றார் மெதுவாக. “அவ எப்ப படம் பார்த்தா?”

அந்த நேரத்தில் நானே ஒரு கபுறுக்குள் இறங்கிப் படுத்திருப்பேன். அவர் இறங்கிப் போனார். அன்று பின்னேரமே சாச்சி வீட்டு வாசலில் வண்டி நின்றதாகவும், அவளை ஏற்றிக்கொண்டு சம்மாந்துறைக்குப் போய்விட்டதாகவும் ராத்தா வந்து சொன்னா. அதற்குப் பிறகு எனக்குப் பேச்சு விழுந்த அளவு, என் வயதில் வேறு எந்த ஆம்பிளைக்கும் அக்காவிடமிருந்து விழுந்திருக்காது.

மரைக்காரிடமும் போனேன். வாக்கைக் காப்பாற்ற முடியாது, இனி மையத்தை மையத்தென்றே சொல்லப்போகிறேன் என்றேன். அவர் தாடியைத் தடவினார்.

“என்ட பொண்டாட்டியும் போயிருக்கா,” என்றார். “அந்தப் பொடியன் மௌத்தானவன் எண்டாத்தான் கதை இனிக்குமாம். சரி, அசருக்கு முதல் முடிச்சுப் போடுங்க.”

மூன்றாவது சனிக்கிழமை கதையை முழுக்க உண்மையாகச் சொன்னேன். ஒரு பிழையும் இல்லை. குரவையும் எழும்பியது. எனக்கு அது ஒன்றும் காதில் ஏறவில்லை. பாலம் திருத்தி முடிந்தது, தமிழ்ப் படம் வந்தது, மையத்துப் படம் பெட்டியில் ஏறிப் போய்விட்டது.

தை பிறந்து, வயலில் வெள்ளாண்மை வெட்டுத் தொடங்கும் காலத்தில் அந்த உயரமான மனிதர் மறுபடியும் கந்தோருக்கு வந்தார். நான் கதிரையிலிருந்து எழும்பி நின்றேன்.

“இரு, இரு,” என்றார். முகத்தில் களைப்பு. “தண்ணிக் கதை இல்ல. அவ ஊருக்கு வந்த நாள் தொட்டு, பின்னேரத்தில அக்கம்பக்கத்துப் பொண்டுகளையெல்லாம் கூட்டி வச்சு அந்தக் கதையச் சொல்றா. நானும் விறாந்தையில இருந்து கேக்கிறன், கேக்காம என்ன செய்ய. அந்தப் புள்ள, மையத்திட நெஞ்சில காதை வைக்கிற இடத்தில நிப்பாட்டிப் போடுறா. மிச்சம் தெரியாதாம். திரைக்குப் பின்னால நிண்டவருக்குத்தான் தெரியுமாம்.”

நான் அவரைப் பார்த்தேன். முடிவில் முதல் குரவையிட்டவள் யாரென்று எனக்குத் தெரியும். ராத்தா சொல்லியிருந்தா. போன தடவை நல்ல மனிதனாக இருக்கப் போய் நடந்ததும் ஞாபகம் இருந்தது. இந்தத் தடவை வாயை மூடிக்கொண்டேன்.

“இதயம் அடிச்சுதா, இல்லையா? அதை மட்டும் சொல்லு, நான் போறன்.”

“அதை இப்பிடிச் சொல்லேலாது,” என்றேன். “ராத்தாவையும் கூட்டிக்கொண்டு வீட்ட வந்து சொல்றன்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “வெள்ளிக்கிழமை வா,” என்றார்.

போனோம். விறாந்தையில் எனக்குக் கதிரை போட்டார்கள். ராத்தாவை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் கூடியிருந்தார்கள். நான் கதையை முடித்துச் சொன்னேன். இதயம் அடித்தது, ஊர் கூடியது, நாவிதர் சவரம் செய்தார் என்று ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் முன்னால் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

“கலியாணத்துக்குப் புள்ளயிட வாப்பா ஒத்துக்கொண்டாரா?”

“முதல்ல ஒத்துக்கொள்ளல்ல. பொறகு ஒத்துக்கொண்டார்.”

“ஏன் ஒத்துக்கொண்டார்?”

படத்தில் அதற்கு ஒரு காரணமும் காட்டவில்லை. உள்ளேயிருந்து அந்தக் குரல் வந்தது.

“மகள்ட மனசு தெரிஞ்ச வாப்பா, அதால.”

அவர் வெற்றிலை வட்டாவைத் தன் பக்கம் இழுத்து, நெடுநேரம் பாக்கு வெட்டினார். பிறகு என்னைப் பார்க்காமல், கதவைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டார்: “தம்பிக்கு எங்கயும் சம்பந்தம் பேசியிருக்கா?”

“இல்ல!” என்றா ராத்தா உள்ளேயிருந்து. கேள்வி முடிவதற்கு முன்னமே சொல்லிவிட்டா.

வெள்ளாண்மை வெட்டி முடிந்த கையோடு காவின் எழுதிக் கல்யாணம் முடித்து வைத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கப்படி நான்தான் அவள் வீட்டுக்கு மாப்பிள்ளையாகப் போனேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தை முதன்முதலில் பார்த்தேன். குரலை வைத்து நான் கற்பனை செய்த முகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நான் நினைத்தது நீண்ட, கண்டிப்பான டீச்சர் முகம். இது வட்ட முகம், கன்னத்தில் குழி, சிரிப்பை அடக்கி அடக்கிச் சிவந்திருந்தது.

ஒரு கிழமை கழித்து, கிணற்றடியில் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தவள், ஒரு முகாந்திரமும் இல்லாமல், “ஒண்டு சொல்லணும். கோவிக்கப்படாது,” என்றாள்.

“சொல்லு.”

“அந்தப் பேக்கரிப் புள்ள என்ன சொன்னா எண்டு எனக்கும் விளங்கல்ல. அவங்கட இங்கிலீசு எங்கட டீச்சர்மார்ட இங்கிலீசு மாதிரி இல்ல. அவட கண்ணைப் பார்த்து, நான் அப்பிடி இருக்கும் எண்டு சொன்னன்.”

“கல்லில எழுதியிருந்தது?”

“அது உண்மை. அது பெரிய எழுத்து.”

நான் கோபிக்கவில்லை. சிரித்த சிரிப்பில் மாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, மருமகனுக்கு என்ன நடந்தது என்று கேட்டா.

அந்த வருட நோன்புப் பெருநாளுக்குப் பிறகு நாங்கள் மட்டக்களப்புக்குப் போனோம். அங்கே நல்ல கல்லுக் கட்டடத்தில் தியேட்டர் இருந்தது. குடும்பமாக வருகிறவர்களுக்குத் தனி வாங்கு. மத்தியானக் காட்சி. முதன்முதலாக இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், படத்துக்கு முன்னால் இருந்தோம். தமிழ்ப் படம். எல்லாருக்கும் விளங்கும் கதை. தாய் அழுதாள், மகன் அழுதான், எங்களுக்கு முன்னால் இருந்தவர் சால்வையால் கண்ணைத் துடைத்தார். அவள் ஒரு பை வறுத்த கடலையை ஒரு மணிகூட எனக்குத் தராமல் தின்று முடித்துவிட்டு, என் தோளில் சாய்ந்து நித்திரையாகிப் போனாள். மட்டக்களப்பில் எங்களைத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. படம் முடிந்து விளக்குப் போட்ட பிறகும் நான் அவளை எழுப்பவில்லை. வாங்கு வாங்காகக் குப்பை கூட்டி வந்த ஆள் எங்கள் வாங்குக்கு வந்து தும்புத்தடியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“எள்ளுப்போல பொறுங்க, அண்ணன்,” என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த வாங்கைக் கூட்டப் போனார்.